அம்மாவின் விரல் வீக்கமும் எங்கள் குசினியும்: 12 கிழமைக் குறிப்பு

தைப்பொங்கலுக்கு முதல் நாள் அம்மாவின் மோதிரத்தைச் சவர்க்காரம் பூசித்தான் கழற்ற முடிந்தது. விரல்மூட்டுகள் வீங்கியிருந்தன. தொட்டால் சூடு தெரிந்தது. முடக்குவாதம் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய்) என்று கண்டுபிடித்து மூன்று வருடங்களாகின்றன. கிழமைக்கு ஒருநாள் மெத்தோட்ரெக்சேட், வேறொரு நாளில் ஃபோலிக் அமிலக் குளிசை. மருந்து வேலை செய்கிறது. ஆனாலும் காலையில் எழும்பினால் கை நன்றாக விரிய ஒன்றரை மணித்தியாலம் ஆகும். அதுவரைக்கும் தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு உள்ளங்கைகளாலும் அணைத்துத்தான் பிடிப்பார்.

கிளினிக்கில் வைத்தியரிடம் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டேன். "மருந்தை ஒருநாளும் விடக்கூடாது. அதை விடாமல் சாப்பாட்டில செய்யக்கூடியதைச் செய்யுங்கோ, நல்லது" என்றார். அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு யாழ்ப்பாணத்து இணுவிலில் எங்கள் வீட்டுக் குசினியில் 12 கிழமைகள் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். எங்கள் ஊரிலே கிடைக்கும் சாமான்களை வைத்தே செய்ய வேண்டும் என்று முதலிலேயே முடிவெடுத்தேன். அழற்சியை, அதாவது மூட்டுகளில் வரும் சூட்டையும் வீக்கத்தையும், தணிக்கும் சாப்பாடு என்று தேடினால் சால்மன் மீனும் ஒலிவ் எண்ணெயும் புளூபெரியும்தான் வருகின்றன. அவை நல்லவைதான். ஆனால் மருதனார்மடம் சந்தையில் எனக்குக் கிடைப்பது முருங்கை இலையும் பயத்தங்காயும்.

ஒரு கொப்பி எடுத்து மூன்று விஷயங்களைக் குறிக்கத் தொடங்கினேன். காலை விறைப்பு எத்தனை நிமிடம். மோதிரம் எந்த விரலில் எதுவரை போகிறது. மூன்றாவது, தொடக்கத்திலும் முடிவிலும் சி.ஆர்.பி. இரத்தப் பரிசோதனை. உடம்பில் அழற்சி கூடும்போது ஈரல் கூடுதலாகச் சுரக்கும் புரதம் அது. 1930 இல் நியூயோர்க்கில் நியுமோனியா நோயாளிகளின் இரத்தத்தில்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். எங்கே அழற்சி என்று அது சொல்லாது, எவ்வளவு என்று ஓரளவு சொல்லும். அம்மாவுக்கு 19 இருந்தது. ஆய்வுகூடத் தாளில் 5 வரைதான் சாதாரணம் என்று போட்டிருந்தது. கொப்பியை நான்தான் எழுதினேன், அம்மாவால் பேனை பிடிக்க முடியவில்லை.

முதல் கிழமை எதையும் மாற்றவில்லை. சாப்பிடுவதை மட்டும் எழுதினேன். இதைச் செய்யாமல் நேரே மஞ்சளில் தொடங்கியிருந்தால் முழுக்கப் பிழையான இடத்தில் உழைத்திருப்பேன். ஒரு நாளைக்கு நாலு தேத்தண்ணி, ஒவ்வொன்றுக்கும் மூன்று தேக்கரண்டி சீனி. பன்னிரண்டு தேக்கரண்டி, கிட்டத்தட்ட 50 கிராம். உலக சுகாதார அமைப்பு 2015 இல் வெளியிட்ட வழிகாட்டலில், ஒரு நாளைக்கு 25 கிராம் அளவுக்குக் கீழே வைத்திருந்தால் இன்னும் நல்லது என்று இருக்கிறது. இரவில் பெரும்பாலும் பாண் அல்லது கோதுமை மாப் புட்டு. மத்தியானம் ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு பொரியல்: வாழைக்காய், கத்தரிக்காய், மீன். பொரித்த எண்ணெயை வடித்து வைத்து அடுத்த நாள் திரும்பவும் அதிலேயே பொரிப்போம். எண்ணெய் திரும்பத் திரும்பச் சூடேறும்போது கெட்டுப் புதிய வேதிப்பொருள்கள் உண்டாகின்றன, அவை உடம்புக்குச் சுமை. அம்மம்மா காலத்தில் பொரியல் என்பது விருந்துக்கு வருகிறவர்களுக்குச் செய்வது. எங்கள் காலத்தில்தான் அது தினமும் ஆகிவிட்டது.

ஆகவே இரண்டாம் கிழமையில் எதையும் சேர்க்கவில்லை, எடுக்கத்தான் தொடங்கினேன். சீனியை ஒரேயடியாக நிறுத்தச் சொல்லவில்லை. மூன்று கரண்டி இரண்டாகி, பிறகு ஒன்றாகி, ஐந்தாம் கிழமையில் ஒரு சின்னத் துண்டு பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறும் தேத்தண்ணி என்று வந்து நின்றது. பனங்கட்டியும் சர்க்கரைதான். அதில் மருத்துவக் குணம் இருக்கிறது என்று எண்ணிக் கூடுதலாகக் கடித்தால் ஒரு பயனும் இல்லை. கடித்துக் குடிக்கும்போது குறைவாகப் போகிறது, அவ்வளவுதான். வடித்த எண்ணெய்ப் போத்தலைக் குசினியிலிருந்து எடுத்துவிட்டேன். பொரியல் ஞாயிற்றுக்கிழமை மட்டும், புது எண்ணெயில்.

சரி, இனி மஞ்சள்.

கிணற்றடியில் வாழைக்குப் பக்கத்தில் போன சித்திரையில் நட்ட மஞ்சள் இருந்தது. ஏன் நட்டோம் என்றால், 2019 கடைசியில் மஞ்சள் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது இங்கே விலை ஏறிய ஏற்றம் யாருக்கும் மறந்திருக்காது. 2020 இல் ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து படகில் மஞ்சள் மூட்டைகள் கடத்தி வந்து பிடிபட்ட செய்திகள் நாளுக்கு நாள் வந்தன. அரிசி மா கலந்த மஞ்சள்தூளும் கடைகளுக்கு வந்தது. அதிலிருந்து அம்மா வருடத்துக்கு ஒரு பாத்தி மஞ்சள் போடுவார்.

இலை காய்ந்து சரிந்ததும் கிண்டினோம். மண் கழுவி, விதைக்கு வேண்டிய தாய்க்கிழங்கைப் புறம்பாக எடுத்து வைத்துவிட்டு, 10 கிலோ அவித்தேன். கிழங்கு மூழ்கத் தண்ணீர், ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். ஈர்க்கு ஒன்றை மழுங்கிய பக்கத்தால் குத்தினால் தடையில்லாமல் இறங்க வேண்டும், அதுதான் பதம். அவிக்காமலே காயவைத்தால் காய்வதற்குக் கனநாள் எடுக்கும், நிறமும் கிழங்கு முழுக்க ஒரே மாதிரிப் பரவாது. பிறகு ஓலைப்பாயில் பரப்பி 12 நாள் வெயில். தை மாதத்தில் பகல் வெயில் நல்லது, இரவுப் பனிதான் எதிரி. ஒருநாள் பின்னேரம் ஒரு பாயை உள்ளே எடுக்க மறந்துவிட்டேன். இரண்டு நாளில் அதில் பூஞ்சணம் பிடித்தது. சுரண்டிவிட்டுப் பாவிக்கலாம் என்று பெரியம்மா சொன்னா. பூஞ்சணத்தின் நஞ்சு உள்ளே இறங்கியிருக்கும் என்பதால் நான் அந்தப் பாயில் இருந்த அவ்வளவையும் கொட்டிவிட்டேன். மிச்சம் காய்ந்து, உடைத்தால் டக்கென்று உலோகச் சத்தம் கேட்டது. பச்சையில் ஐந்து பங்கு, காய்ந்தால் ஒரு பங்கு. கொட்டியது போகக் கையில் வந்தது ஒன்றரைக் கிலோ.

மில்லில் அரைத்தபோது இன்னொரு பாடம். எனக்கு முன்னால் மிளகாய்த்தூள் அரைத்திருந்தார்கள். என் மஞ்சள் செம்மஞ்சளாக வந்தது, நாக்கில் வைத்தால் எரிந்தது. மிச்சப் பாதியை அடுத்த நாள் கொண்டுபோய், முதலில் அரைக் கிலோ பச்சை அரிசி போட்டு இயந்திரத்தைக் கழுவுவதுபோல் ஒருமுறை அரைக்கக் கேட்டேன். அதற்குப் பிறகு வந்த தூள் சுத்தமாக இருந்தது. நீங்கள் அரைக்கப் போனால் அந்த அரைக் கிலோ அரிசியைக் கையோடு கொண்டு போங்கள்.

இதே கிழமை கனடாவிலிருந்து அக்கா ஒரு பெட்டி மஞ்சள் குளிசை அனுப்பியிருந்தாள். "அம்மாவுக்குக் குடு, இங்க எல்லாரும் எடுக்கினம்" என்று தொலைபேசியில் சொன்னாள். இந்த இடத்தில் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது. மஞ்சளில் வேலை செய்யும் பொருள் குர்க்குமின். காய்ந்த தூளில் அது ஏறக்குறைய 3 வீதம். ஒரு தேக்கரண்டித் தூள் 3 கிராம் என்றால் அதில் குர்க்குமின் 90 மில்லிகிராம்தான். மிளகோடு சேர்த்தால் மஞ்சள் நன்றாக உடம்பில் சேரும் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது 1998 இல் வெளிவந்த ஓர் இந்திய ஆய்விலிருந்து வந்தது. அதில் மனிதர்களுக்குக் கொடுத்தது 2 கிராம் குர்க்குமினும் 20 மில்லிகிராம் பைப்பரினும். பைப்பரின் என்பது மிளகின் காரப்பொருள். இரத்தத்தில் சேர்ந்த அளவு 20 மடங்கு கூடியது உண்மை. ஆனால் 2 கிராம் குர்க்குமினுக்கு மஞ்சள்தூளாகச் சாப்பிடுவதென்றால் 65 கிராமுக்கு மேல் வேண்டும். யாராலும் முடியாது.

ஆகவே குசினி மஞ்சளும் குளிசை மஞ்சளும் வேறு வேறு விஷயம். குளிசையில் செறிவு அதிகம். அப்படிப்பட்ட குளிசைகளை எடுத்தவர்களில் சிலருக்கு ஈரல் பாதிக்கப்பட்ட சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. அம்மா எடுக்கும் மெத்தோட்ரெக்சேட்டுக்கும் ஈரலைக் கவனிக்க வேண்டும், அதற்காகவே இடைக்கிடை இரத்தம் பார்க்கிறார்கள். பெட்டியை வைத்தியரிடம் காட்டினேன், வேண்டாம் என்றார். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களும் இந்தக் குளிசைகளைக் கேட்காமல் தொடக்கூடாது. அக்காவுக்கு இதை விளக்கமாகச் சொன்னேன். கொஞ்சம் மனவருத்தம் அவளுக்கு, பிறகு விளங்கிக்கொண்டாள்.

அப்படியென்றால் சமையலில் மஞ்சள் எதற்கு? எனக்குச் சரியென்று படுவது இதுதான்: அது மருந்து அளவில் இல்லை, ஆனால் வருடம் முழுக்க, நாளுக்கு இரண்டு தரம் உள்ளே போகிறது. போவதை வீணாக்காமல் சமைப்பதுதான் என் வேலை. குர்க்குமின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். அதிக நேரம் கொதித்தால் ஓரளவு அழிந்தும் போகும். இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் எங்கள் சொதியைவிடப் பொருத்தமான சட்டி இல்லை. தேங்காய்ப்பால் இருக்கிறது, கொதிக்கும் நேரம் குறைவு. இல்லாதது மிளகு மட்டும்.

பல தடவை செய்து நிலைத்த முறை இது. வெங்காயம், இரண்டு பச்சை மிளகாய், கறிவேப்பிலை, வெந்தயம் கொஞ்சம், இவற்றை இரண்டாம் பாலில் அவியவிட வேண்டும். நாலு பல் உள்ளியைத் தட்டிப் பத்து நிமிடம் சும்மா வைத்துவிட்டுப் போட வேண்டும். தட்டியவுடனே சூட்டில் போட்டால் உள்ளியின் காரமும் வாசமும் தரும் அலிசின் என்ற பொருள் உருவாக நேரம் கிடைக்காது. வெங்காயம் அவிந்ததும் அரைத் தேக்கரண்டி மஞ்சள், முதற்பால், கால் தேக்கரண்டி அப்போதே இடித்த மிளகு. ஓரத்தில் நுரை கட்டும்போது இறக்கிவிட வேண்டும். தேசிக்காய் இறக்கிய பிறகுதான். முதல் தடவை அடுப்பில் இருக்கும்போதே தேசிக்காய் விட்டுப் பால் திரைந்துபோனது. தேங்காய்க் கொழுப்பு பெரும்பாலும் நிறைவுற்ற கொழுப்பு, அளவோடு சேர்க்க வேண்டிய வகை என்பதால் நாலு பேருக்கு ஒரு முழுத் தேங்காய் பிழிந்த இடத்தில் பாதி பிழிந்தேன். இரண்டாம் பாலைக் கூட்டினால் ருசி குறையவில்லை.

நாலாம் கிழமையிலிருந்து மீன். இதில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். செவ்வாயும் வெள்ளியும் எங்கள் வீட்டில் சைவம், ஆகவே புதனும் ஞாயிறும் மீன் நாள் என்று வைத்துக்கொண்டோம். பாசையூர் மீன்சந்தைக்கு விடிய ஆறு மணிக்குள் போனால் சூடையும் சாளையும் கும்பளாவும் துடிக்கத் துடிக்கக் கிடைக்கும். விளைமீனுக்கும் அறக்குளாவுக்கும்தான் மதிப்பு, சூடையை ஏழைகளின் மீன் என்பார்கள். ஆனால் ஒமேகா-3 கொழுப்பு செறிந்திருப்பது இந்தக் கொழுத்த சின்ன மீன்களில்தான்.

"மீன் எப்பிடித் தம்பி நோவைக் குறைக்கும்?" என்று அம்மா கேட்டார். நல்ல கேள்வி. மூட்டில் நோவையும் வீக்கத்தையும் உண்டாக்கும் புரொஸ்டகிளாண்டின் என்ற பொருளை உடம்பு ஒரு வகைக் கொழுப்பமிலத்திலிருந்து செய்கிறது. ஒரு நொதிதான் அந்த வேலையைச் செய்வது. ஆஸ்பிரின் அந்த நொதியைத்தான் தடுக்கிறது என்று 1971 இல் ஜோன் வேன் காட்டினார், 1982 இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். மீனில் இருக்கும் ஒமேகா-3 அதே நொதியில் போய் இடம்பிடித்துக்கொள்கிறது. அப்போது உண்டாகும் பொருள்கள் அவ்வளவு வீரியம் இல்லாதவை. அம்மாவுக்கு நான் சொன்ன விதம்: "ஒரே அடுப்பு அம்மா. அதில நீங்கள் சூடைச் சட்டியை முதலில வைச்சிட்டீங்கள் எண்டால் மற்றச் சட்டிக்கு இடமில்லை." மூட்டுவாதத்துக்கு மீனெண்ணெய் கொடுத்துச் செய்த ஆய்வுகளில் நாளுக்கு 3 கிராம் அளவு ஒமேகா-3 மாதக்கணக்கில் கொடுத்திருக்கிறார்கள். கிழமைக்கு இரண்டு நாள் மீனில் அவ்வளவு வராது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சமைத்தது பொரிக்காமல்தான். சட்டியின் அடியில் கறிவேப்பிலை பரப்பி, அதன் மேல் சூடை, தடித்த புளிக்கரைசல், மிளகு, உள்ளி, மஞ்சள், உப்பு. மூடி மெல்லிய நெருப்பில் வற்றவிட வேண்டும். அகப்பை போடவே கூடாது, சட்டியைத்தான் ஆட்ட வேண்டும். அடுத்த நாள் இன்னும் ருசி.

ஒரு எச்சரிக்கை. எட்டாம் கிழமையில் மாமா வந்து இரண்டு நாள் நின்றார். அம்மாவுக்கு நல்லதென்றால் எனக்கும் நல்லதுதானே என்று சூடையை நன்றாகச் சாப்பிட்டார். மாமாவுக்கு இருப்பது முடக்குவாதம் அல்ல, கௌட். யூரிக் அமிலம் கூடி வருவது. சூடை, சாளை, நெத்தலி போன்ற மீன்களில் பியூரின் அதிகம், அது உடம்பில் யூரிக் அமிலமாகத்தான் மாறும். மூன்றாம் நாள் விடியக் கால் பெருவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே கத்தினார். கேட்காமல் பரிமாறியது என்னுடைய பிழை, இன்றைக்கும் அது மனதில் இருக்கிறது. மூட்டு நோவு என்று இரண்டுக்கும் ஒரே பெயர் சொல்கிறோம், ஆனால் ஒருவருக்கு வேண்டியது மற்றவருக்கு ஆகாது. எந்த நோ என்று முதலில் வைத்தியரிடம் தெரிந்துகொள்ளுங்கள்.

இரவுப் பாணுக்குப் பதில் குரக்கன் புட்டு. முதல் நாள் கொதிநீர் விட்டுக் குழைத்து, புட்டு களியாகிவிட்டது. பிறகு பெரியம்மா வந்து காட்டித் தந்தா. குரக்கன் மாவும் வறுத்த சிவப்பரிசி மாவும் பாதிக்குப் பாதி, உப்புக் கரைத்த இளஞ்சூட்டுத் தண்ணீர், கையால் பிசையாமல் தெளித்துத் தெளித்துச் சுண்டுப் பேணியின் விளிம்பால் கொத்த வேண்டும். கொத்தியது கடலை மணி அளவில் நிற்க வேண்டும். தேங்காய்ப்பூவோடு நீத்துப்பெட்டியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். நீத்துப்பெட்டியில் அவித்தால் ஓலை வாசம் ஏறும், அது ஸ்டீமரில் வராது. குரக்கனில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 340 மில்லிகிராம் கல்சியம் உண்டு. முடக்குவாதக்காரருக்கு எலும்பும் தேய்வதால் இதுவும் உதவி. நார்ப்பொருள் குடலில் நல்ல பக்டீரியாவுக்கு உணவாகிறது, அவை உண்டாக்கும் பியூட்டிரேட் என்ற அமிலம் அழற்சியைத் தணிக்கும் பக்கம் வேலை செய்கிறது. ஆனால் குரக்கனும் மாதான். அதைச் சீனியும் வாழைப்பழமும் போட்டுச் சாப்பிடாமல், பயறோ முருங்கை இலை வறையோ சேர்த்துச் சாப்பிட்டோம்.

இலைகளைப் பற்றிப் பெரியம்மாவுக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது. "சண்டி இலையை விட்டுட்டு வாதத்துக்கு என்ன சாப்பாடு பிள்ளை?" என்று வேலிக்கரையிலிருந்து பிடுங்கித் தந்தா. சண்டி வறை, முடக்கொத்தான் ரசம், வல்லாரைச் சம்பல், பொன்னாங்காணி, முருங்கை என்று நாளுக்கு ஒன்றாக முறை வைத்துச் சாப்பிட்டோம். சண்டியைப் பற்றி ஊர் அனுபவம்தான் என்னிடம் இருக்கிறது. கரும்பச்சை இலை எதுவானாலும் தினம் ஒரு கைப்பிடி உள்ளே போவது நல்லது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பழத்துக்குக் கொய்யா, மாதுளை. நாவற்பழக் காலம் இன்னும் வரவில்லை. புளூபெரியில் இருக்கும் அதே வகை ஊதா நிறப்பொருள்தான் நாவலிலும் இருக்கிறது, ஆடிக்குக் காத்திருக்கிறேன்.

மாசியில் ஒடியற்கூழும் காய்ச்சினேன். காய்ந்த பனங்கிழங்கை அரைத்த ஒடியல் மாவை ஒரு தண்ணீரில் மட்டும் ஊறவைத்து வடித்ததால் கைத்துப் போனது. மூன்று தண்ணீர் மாற்றிய பிறகுதான் வாயில் வைக்க முடிந்தது. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

ஏழாம் கிழமையில் ஒரு சறுக்கல். உறவினர் வீட்டு அந்தியேட்டி, இரண்டு நாள் அலைச்சல், வடை, பாயாசம், இரவு நித்திரை இல்லை. அடுத்த மூன்று நாளும் விறைப்பு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல். சாப்பாடா, அலைச்சலா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. இரண்டும்தான் என்று கொப்பியில் எழுதினேன்.

12ஆம் கிழமை முடிவில்: விறைப்பு 90 நிமிடத்திலிருந்து 50க்கு வந்தது. சி.ஆர்.பி. 19 இலிருந்து 12. மோதிரம் இன்னும் மூட்டைத் தாண்டவில்லை, ஆனால் மூட்டு வரைக்கும் சவர்க்காரம் இல்லாமல் போகிறது. வலது மணிக்கட்டு வீக்கம் அப்படியே இருக்கிறது. இந்த 12 கிழமையிலும் மருந்தின் அளவு மாறவில்லை. அம்மாவின் நிறை 3 கிலோ குறைந்தது. உடம்புக் கொழுப்பு தானே அழற்சிப் பொருள்களைச் சுரக்கும் என்பதால், இதில் பாதி வேலையை அந்த 3 கிலோதான் செய்திருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் மஞ்சளைவிடச் சீனிப் போத்தலையும் எண்ணெய்ப் போத்தலையும் எடுத்ததுதான் பெரிய வேலை. திரும்ப ஒருமுறை தொடங்க நேர்ந்தால் முதல் ஒரு மாதத்தை அதற்கே கொடுப்பேன். சொதியையும் சூடையையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

விதை மஞ்சளை மழை வரப் பார்த்து நட வேண்டும், பாத்தி கொத்தி வைத்திருக்கிறேன். அடுத்த இரத்தப் பரிசோதனை ஆடியில்.

பத்தாம் கிழமையில் ஒருநாள் "கொப்பியை இஞ்ச தா" என்று அம்மா கேட்டு வாங்கினார். அதிலிருந்து குறிப்புகள் அவருடைய கையெழுத்தில் இருக்கின்றன. 13ஆம் கிழமைப் பக்கத்தில் எழுதியிருப்பது: "விறைப்பு 45. வருடப்பிறப்பு. பாயாசம் அரைக் கோப்பை. மீன் இல்லை."